உள்ஜிப்பில் வைத்த அசைன்மென்ட்

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. திண்டிவனம் படிப்பு மையத்தின் மாடி வகுப்பறையில் கலைப்பிரியா தன் பையைத் திறந்தாள். உள்ஜிப்பைத் திறந்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் அசைன்மென்ட்டைக் காணோம்."

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறவர்கள் சொந்தக் கையெழுத்தில் எழுதித் தர வேண்டியது அது. மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டோடு சேராதவர்களுக்கு இந்த வருஷம் தேர்வு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை, ஒரு மத்தியானத்தில் திரும்ப எழுதிவிட முடியாது.

போவது தேர்வு மட்டுமில்லை. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில், மேல்நிலை வகுப்புக்கு வரலாற்று ஆசிரியர் இடம் ஒன்று காலியாகிறது. இந்த வருஷம் எம்.ஏ. முடிக்கிறவருக்குத்தான் அந்த இடம். அதே பள்ளியின் ஆசிரியர் பூவரசனும் அதே இடத்துக்காக, இதே வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார். அவர் தன்னுடையதைக் காலையிலேயே கொடுத்துவிட்டார்.

எல்லார் கண்ணும் கடைசி பெஞ்சுக்குப் போனது.

மூன்றாவது பெஞ்சில் கிருஷ்ணவேணி எழுந்து நின்றார். விழுப்புரத்தில் சப்-இன்ஸ்பெக்டர். வார டியூட்டி அசதிக்கு வகுப்பில் வந்து தூங்குகிறவர் என்று பெயர் வாங்கியவர். சப்போட்டா ஜூஸ் கேட்ட இடத்தில் எலுமிச்சம்பழ ஜூஸ்தான் இருக்கிறது என்று கடைக்காரர் கையை விரித்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"யாரும் கீழ போவாதீங்க. பையைக் குடும்மா."

பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, மடித்த துண்டு, பர்ஸ். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. துண்டுக்குப் பின்னால் இருந்த உள்ஜிப் மட்டும் காலி.

"காலையிலேயே ஏன் குடுக்கல?"

"ஐடி கார்டு ஜெராக்ஸ் கூட வைக்கணும் மேடம். மறந்துட்டேன். சாப்பாட்டு நேரத்துல எடுத்தாந்து தர்றேன்னு வீட்டுக்காரர் கார்டை வாங்கிக்கினு போனாரு. பையை இங்கயே வச்சிட்டுச் சாப்பிடப் போனேன்."

அடுத்து, மையத்தின் உதவியாளர் கோதண்டபாணி.

"சாப்பாட்டு நேரத்துல கதவு பூட்டி இருந்ததா அண்ணா?"

"சும்மா சாத்திதான் இருந்தது மேடம். நான் கீழ பின்பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்."

அடுத்து, பூவரசன்.

"எங்க இருந்தீங்க?"

"இங்கதான். காலையில வளவனூர்ல டியூஷன் எடுத்துட்டு ஓடியாந்தேன். சாப்பிட்டுட்டு பெஞ்சுலயே படுத்துட்டேன்."

"தனியாவா?"

"ஆமா மேடம். மத்தவங்க கீழ பின்பக்க வராண்டாவுல சாப்பிட்டாங்க."

"யாராச்சும் வந்தாங்களா?"

"தெரியல. நல்ல தூக்கம்."

இதைவிட மோசமான பதிலை ஒரு நிரபராதி சொல்ல முடியாது. தன் பையை அவரே கவிழ்த்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை.

அப்போது கலைப்பிரியாவின் கணவன் கோகுலகிருஷ்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். வாரா வாரம் விழுப்புரத்திலிருந்து பைக்கில் அவளைக் கொண்டுவந்து விட்டு, எதிர்க் காலியிடத்துப் புங்கமரத்தடியில் சாயந்திரம் வரை படுத்திருப்பவன். இந்த மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வகுப்புப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். விஷயம் கேட்டதும் பூவரசன் மேல் பாய்ந்தான்.

"இவன்தான் மேடம்! வேற யாருக்கு லாபம்? ஜல்தியா ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போங்க!"

"இருங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் எதிர்க்க, ஜெராக்ஸ் கடையில. செம கூட்டம். மிஷின்கிட்டயே போவ முடியல. பேஜாராப் போச்சு. இந்தாங்க ஜெராக்ஸ்."

கிருஷ்ணவேணி தாளை வாங்கிப் பார்த்தார். மடிப்புகளில் அழுக்கு ஏறியிருந்தது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கீழ வாங்க."

மூன்று மணி. புங்கமரத்தடியில் பைக் நின்றது.

"சீட்டைத் திறங்க."

கோகுலகிருஷ்ணன் சாவியைத் தேடினான். கையிலேயே இருந்த சாவியைத்தான் தேடினான்.

"என்னா மேடம் இது, இவரைப் போய்..." என்றாள் கலைப்பிரியா.

"திருட வந்தவன் பையைத் துழாவுவான்மா. உன் பையில துண்டு மடிப்புகூடக் கலையல. எங்க இருக்குன்னு தெரிஞ்ச கை நேரா அங்கேயே போயிருக்கு. நீ உள்ஜிப்புல வச்சது யாருக்குத் தெரியும்?"

அவள் கோகுலகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தாள். வைக்கும்போது வீட்டில் யார் பக்கத்தில் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னிக்கு திண்டிவனத்துல மாசாந்திர பராமரிப்பு, காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. மிக்ஸி ஓடாம ஜூஸ் கடைக்காரரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சிக்கினு இருக்காரு. பஸ் ஸ்டாண்ட் பக்கமும் அதே கதைதான். இவர் போன கடையில மட்டும் மிஷின் ஓடி, கூட்டமும் நின்னுச்சாம். விழுப்புரத்து ஆளு, ஷட்டவுன் தெரியாது. கீழேர்ந்து பார்த்தா நம்ம கிளாஸ்ல ஃபேன் ஓடுது, கரண்ட் இருக்குன்னு நெனச்சிட்டாரு. அது இன்வெர்ட்டர்ல ஓடுச்சு."

கலைப்பிரியா அவன் கையிலிருந்து சாவியை வாங்கினாள். சீட்டைத் தானே திறந்தாள். அசைன்மென்ட், பாலித்தீன் உறை கசங்காமல், மழைக்கோட்டுக்கு அடியில் இருந்தது.

"கிழிக்க மனசு வரல கலை," என்றான் கோகுலகிருஷ்ணன். "ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே அப்ளிகேஷன் போட்டோம். நான் பாதியில நின்னுட்டேன். வாரா வாரம் உன்னை மேல அனுப்பிட்டு நான் இங்க குந்திக்கினு இருக்கேன். நீயும் ஒரு வருஷம் நின்னா, கூட சேர்ந்து எழுதலாம்னு..."

அவனைப் பார்க்கக் கிருஷ்ணவேணிக்கே பாவமாக இருந்தது. ஆனால் பூவரசனின் வேலை போயிருந்தால் அதற்கு யார் பாவப்படுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

"புகார் குடுக்கறியாம்மா?"

"வேணாம் மேடம்."

ஜெராக்ஸ் பழையதாக இருந்தாலும் செல்லும் என்றார் கோதண்டபாணி. அசைன்மென்ட் சென்னைக்குப் போகும் கட்டோடு சேர்ந்தது. கலைப்பிரியா கடைசி பெஞ்சுக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, பைக்கை ஸ்டார்ட் செய்து வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான் கோகுலகிருஷ்ணன். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன். இனிமே பஸ்லதான்."

அவன் தலை குனிந்தான். நாலடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"உங்க புக்கெல்லாம் பரண் மேலதான் இருக்கு. நீங்க எப்பவாச்சும் கேப்பீங்கன்னு நான் எடைக்குப் போடல."

விழுப்புரம் பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் வண்டியை அணைத்துவிட்டு, பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.