கைப்பிடியில் தொங்கிய வில்லை

மோசல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதிலிருந்தே எஞ்சினுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தட்டு, இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. நின்றிருக்கும் வண்டியின் சக்கரத்தைச் சோதிப்பவன் தட்டும் தட்டு. ஓடுகிற வண்டியில் அது கேட்கக் கூடாது.

"கேக்குதா?" என்றார் டிரைவர் கெரோல்ட்.

ஃபயர்மேன் ஹார்ட்விக் கரியை வீசிவிட்டு நிமிர்ந்தான். "உங்க பல்லுதான் மாஸ்டர் தட்டுது. இவ்வளவு சொகுசு வண்டியிலயும் குளிரா?"

கெரோல்ட் சிரிக்கவில்லை. போருக்குப் பின் கட்டிய இருபத்துமூன்றாம் வகை எஞ்சின் அது. மூடிய அறை, காலடியில் கதகதப்பு, முதுகுக்குச் சாய்வு. இனி புது நீராவி எஞ்சினே வராது என்று ஷெட்டில் பேச்சு. இருபது வருஷம் பழைய எஞ்சினில் மழையும் பனியும் முகத்தில் அறைய ஓட்டியவர் அவர். இந்தப் புது வண்டியோ, அவரிடம் கரி அள்ளிப் பழகிய லாம்பர்ட்டுக்குப் போனது. லாம்பர்ட் தினமும் அதன் சக்கரங்களைக் கைக்குட்டையால் துடைப்பான். பார்க்கப் பார்க்கக் கெரோல்டுக்கு வயிறு எரியும்.

எஞ்சினுக்கு அடியில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை, வண்டியை நகர்த்தும் நீராவிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். அது தொங்கும்வரை எவனும் கைப்பிடியைத் தொடமாட்டான். நவம்பரில் ஒரு மதியம், லாம்பர்ட் மாட்டியிருந்த வில்லையைக் கெரோல்ட் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியை நகர்த்தியது வேறொருவன். அடியில் நசுங்கிச் செத்த லாம்பர்ட்தான் வில்லையை மாட்ட மறந்துவிட்டான் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். வண்டி கெரோல்டுக்கு வந்தது.

அடுத்த நிலையத்தில் வண்டி நின்றது. தட்டு நிற்கவில்லை.

"நான் இறங்கிப் பாக்கட்டுமா மாஸ்டர்?"

"என் வண்டியில நீ கை வைக்காதே. போய்க் காப்பி குடி."

பிரேக்கை இறுக்கினார். தன் வில்லையை மாட்டினார். விளக்கோடு குனிந்து அடியில் நுழைந்தார். சுட்ட எண்ணெய் நாற்றம். சொட்டும் வெந்நீர்.

தட்டு நின்றது.

விளக்கை உயர்த்தினார். பெரிய சக்கரம் பளபளத்தது. துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. அவர் ஒருநாளும் துடைத்ததில்லை.

மேலே பித்தளை கிணுகிணுத்தது. கழற்றும் ஒலி.

"ஹார்ட்விக்?"

ஹார்ட்விக் எதிர் மேடையில் நின்றான். கையில் கோப்பை. முதுகு இந்தப் பக்கம்.

பிரேக் மெல்லத் தளர்ந்தது.

சக்கரத்தின் ஆரங்களுக்கு அப்பால் ஒரு கை இறங்கியது. விரலில் வில்லை. கெரோல்டின் எண்.

மறு கை, உருளத் தொடங்கிய சக்கரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தது.