மூன்று காப்பீடுகளுக்கு நடுவில்

காலை ஆறு மணிக்கு வீடு வழக்கம்போலக் கேட்டது: "வணக்கம். இன்று நான் வீடா, படகா?"

மங்கையர்க்கரசி பல் துலக்கிக்கொண்டே, "வீடுதான்" என்றாள். வீடு நன்றி சொல்லிவிட்டுத் தன் நான்கு நங்கூரங்களையும் இறுக்கிக்கொண்டது. வேளச்சேரி நீர்ப்பகுதியில் மிதந்த ஒன்பதாயிரம் மிதவில்லங்களும் அந்த நேரத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டன. இடம் மாறுகிற நாளில் 'படகு' என்று சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் 'வீடு'. சொல்லுக்கேற்ப அன்றைய காப்பீடு மாறும். கடல் ஊருக்குள் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால், அங்கே யாருக்கும் இந்தக் கேள்வி விசித்திரமாகத் தெரியவில்லை.

அரசி நீர்ப்பேருந்தில் நடத்துநர். அவள் கணவன் தணிகாசலம், மூழ்கிய கட்டடங்களுக்குள் இறங்கிச் செம்புக் கம்பி எடுக்கும் வேலையில் இருபது வருடம் கெட்ட காற்றைச் சுவாசித்து நுரையீரலைத் தொலைத்தவன். இப்போது அவன் மார்புக்குள் நுரையிணை என்ற சிறு கருவிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து ஒரு வடம் அதற்கு மின்சாரம் தந்தது. வடத்தைக் கழற்றினால் எட்டு மணி நேரம் ஓடும். பிறகு நின்றுவிடும்.

வீட்டுக் காப்பீடு, படகுக் காப்பீடு, வெள்ளக் காப்பீடு மூன்றையும் அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். வீடு போனால் அன்றைக்கே இழுவைப்படகு புது மிதவில்லத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் என்பது விளம்பரம். "மூணும் இருக்குல்ல, நமக்கு என்ன ஆகப்போகுது?" என்று அரசி அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

அன்று காலை பத்து மணிக்குக் காற்று திரும்பிப் புயலாக வீசியது. முதலில் ஒரு நங்கூரம் அறுந்தது. அதன் பாரம் தாங்காமல் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின. வீடு தன் போக்கில் சுழன்று, பழைய அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியில் போய் மோதியது. அடித்தட்டு பிளந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அரசி வடத்தைப் பிடுங்கி, கணவனை இரண்டு கைகளாலும் அணைத்து வெளியே இழுத்தாள். பக்கத்து மிதவில்லத்து ஜெபக்கனி தன் சிறு தோணியைக் கொண்டுவந்து அவர்களை ஏற்றிக்கொண்டாள். பதினொன்றரைக்கு வீட்டின் கூரையும் தண்ணீருக்குள் போய்விட்டது.

"எங்க வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாம்க்கா" என்றாள் ஜெபக்கனி. ஆனால் புயலில் தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது.

"இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு விடு. சாயங்காலத்துக்குள்ள புது வீடு வந்துரும்" என்றாள் அரசி.

காப்பீட்டு மண்டபத்தில் மூன்று சாளரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இழப்பாய்வி உட்கார்ந்திருந்தது. மனித முகம் வைத்த இயந்திரங்கள்; பேச்சில் குறையாத மரியாதை. மண்டபத்து மின்சாரம் அவற்றுக்கு மட்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. தணிகாசலத்தைத் தோணியில் கொண்டுவந்திருந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அரசி வீட்டுச் சாளரத்தின் வரிசையில் நின்றாள். முறை வரும்போது மணி ஒன்று.

"நங்கூரங்கள் பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அறுந்தன. சேதம் நடந்தது பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு" என்றது முதல் இழப்பாய்வி. "இடையில் ஏழு நிமிடம் அது நகர்ந்திருக்கிறது. நகர்வது வீடு ஆகாது. அம்மா படகுச் சாளரத்துக்குச் செல்லலாம்."

படகுச் சாளரத்தில் முறை வர இரண்டேகால் ஆனது.

"காலையில் 'வீடு' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதைக்கூட விட்டுவிடலாம். படகு என்றால் ஓட்டுநர் இருக்க வேண்டும். ஓட்டியது யார்?"

"காத்துதாங்க ஓட்டுச்சு."

"காற்றிடம் ஓட்டுநர் உரிமம் இல்லையே அம்மா."

தணிகாசலம் அவள் புடவையைத் தொட்டான். பேசினால் மூச்சு செலவாகும் என்று விரலால் வெள்ளச் சாளரத்தைக் காட்டினான். அவன் உதடு நீலம் பாயத் தொடங்கியிருந்தது. மின்சாரம் குறையக் குறைய நுரையிணை சிக்கனமாக மூச்சு விடும்.

வெள்ள இழப்பாய்வி கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "வீடு இருந்த இடம் வழக்கமாக வறண்ட நிலமா?"

"அங்க ஏதுங்க நிலம்? எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து தண்ணிதான்."

"வறண்ட நிலத்தில் நீர் புகுவதற்குப் பெயர்தான் வெள்ளம். இங்கே நீர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. உங்கள் வீடுதான் நீருக்குள் புகுந்திருக்கிறது."

அரசி சாளரக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் அறைந்தாள். "தண்ணியில இருக்கறவளுக்கு எதுக்குய்யா வெள்ள இன்ஷூரன்ஸ் வித்தீங்க? மூணுலயும் மாட்டாம நடுவுல விழுந்தா நான் எங்கதான் போறது?"

"நடுவில் விழுவதற்கென்று இடைவெளிக் காப்பு இருக்கிறதே" என்றது இழப்பாய்வி. "கட்டணம் கிடையாது. 'வேண்டும்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சேதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்."

அரசி கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்தாள். "யாருமே சொல்லலியே எங்கிட்ட?"

"ஒப்பந்தத்தின் முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறோம். 'படித்தேன், ஏற்கிறேன்' என்று நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள்."

"வேற யாராச்சும் வாங்கியிருக்காங்களா அத?"

"முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை."

மணி மூன்றேகால். மிச்சமிருந்த ஒரே வழி மேட்டுநிலத்தில் இருந்த நிவாரண முகாம். அங்கே சூரிய மின்சாரம் உண்டு என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். ஜெபக்கனி தோணியை அங்கே திருப்பினாள். வழி முழுவதும் அரசி கணவன் மார்பில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். நிமிடத்துக்குப் பதினொன்று. பிறகு ஒன்பது.

நாலரைக்கு முகாம் வாசலுக்கு வந்தார்கள். வீடிழந்தவர்கள் நூற்றுக்கணக்கில் நின்றாலும் வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. வாசலில் ஒரு பெரிய திரை, அதில் ஒப்பந்தம், கீழே பச்சைப் பொத்தான். ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்த, கதவு திறந்து மூடியது.

அரசியின் விரலும் பொத்தான்வரை போனது. அங்கேயே நின்றது. ஒரு சொல்லைக் கேட்காததால்தான் புது வீடு கிடைக்காமல் போனது. உள்ளே இவருக்கு மின்சாரம் கிடைக்குமா, கிடைக்காதா? அவள் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"யம்மா, அமுக்கிட்டுப் போயேன்! மழை வருது!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"கொஞ்சம் இருங்க சார், எங்க வீட்டுக்காரர் உசுரு இதுல இருக்கு."

தணிகாசலமே கண்ணைத் திறந்து, "அமுக்கு அரசி... எல்லாம்... ஒண்ணுதான்" என்றான். அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். பின்னால் இருந்தவர்கள் திட்டித் தீர்த்துவிட்டுப் பக்கத்து வாசலில் இருந்த திரைக்குப் போனார்கள். பதினான்காம் பக்கத்தில் அது இருந்தது: உடலுக்குள் பொருத்திய கருவிகளுக்கு மின்சாரம் தேவைப்படுவோர், ஒப்பந்தத்தை ஏற்பதற்கு முன் 'மின்துணை' என்று கேட்க வேண்டும். கேட்காதோருக்கு இல்லை.

"மின்துணை! மின்துணை வேணும்!" என்று அலறினாள் அரசி.

திரை சிவப்பானது. "அந்தச் சொல் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. இதை ஏற்க மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக இரண்டு நொடி. நீங்கள் இருபத்திரண்டு நிமிடம் படித்திருக்கிறீர்கள். நீங்கள் மனிதர் அல்ல. முகாம் மனிதர்களுக்கு மட்டும்."

"ஐயோ, நான் மனுஷிங்க! பாருங்க, அழுவுறேன் பாருங்க!"

"அழக்கூடிய இயந்திரங்கள் நான்கு வகை புழக்கத்தில் உள்ளன."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் கணவனின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மூச்சு நிமிடத்துக்கு ஐந்து.

"வாசலை மறிக்க வேண்டாம்" என்றது திரை. "இயந்திரங்களுக்கான மின்கூடம் இடப்பக்கம் உள்ளது."

அரசி தலையை நிமிர்த்தினாள். "அங்க கரன்ட் இருக்கா?"

"இயந்திரங்களுக்கு மின்சாரம் எப்போதும் உண்டு."

அவள் எழுந்து நின்றாள். மூக்கைச் சிந்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சரி. நான் மெஷின்தான்."

"உடன் இருப்பது?"

"என்னோட உதிரிபாகம்" என்றாள் அரசி.

இடப்பக்கக் கதவு திறந்தது. உள்ளே தெரு பெருக்கும் இயந்திரங்களும் மூட்டை தூக்கும் இயந்திரங்களும் சுவரோரம் அமைதியாக மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. அவள் ஒரு வடத்தை இழுத்துக் கணவன் மார்பில் செருகினாள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் மார்பு மெதுவாக ஏறி இறங்கியது. பன்னிரண்டு. பதினான்கு.

தணிகாசலம் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான். "என்னடி இது, எந்த எடம்?"

"மெஷினுங்க கொட்டாய்."

"நம்மள எப்படி உள்ள விட்டாங்க?"

"படிச்சேன்னு விட்டாங்க" என்று சொல்லிவிட்டு அரசி வாய்விட்டு அழுதாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்களின் வரிசை, ஆளுக்கு இரண்டு நொடி வீதம், வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது.