நூற்று அறுபது கிலோ சாட்சி!

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்து.

செல்போன் அலறியது!

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்த ரெனால்ட் அசையவில்லை. நூற்று நாற்பத்திரண்டு கிலோ. ஏழு வருடமாக 'இரும்புத் தோள்' சாம்பியன்! ஆனால் கண் இமையைத் தூக்க மட்டும் அவனுக்குத் தெம்பு கிடையாது.

மனைவி ஜெனிஃபா எடுத்தாள். நாற்பத்தெட்டு கிலோ.

"யாருங்க?"

"ஆம்பூர்லேர்ந்து ஏட்டு சுப்பராயன் பேசறேம்மா. ஜோஸ் மேஸ்திரி செத்துட்டாரு. போட்டி மேடையில... கல்லு மேல விழுந்து..."

"ஐயோ கர்த்தாவே! நல்ல மனுசனாச்சே... இருங்க, அவருகிட்ட தர்றேன்." அவள் கணவனை உலுக்கினாள். "ஏங்க! நம்ம ஜோஸ் மேல கல்லு விழுந்து செத்துட்டாராம்!"

ரெனால்ட் எழுந்து உட்கார்ந்தான். கட்டில் அழுதது. அவன் அழவில்லை.

"எந்தக் கல்லு?" என்றான் போனில்.

மறுமுனையில் ஏட்டு எரிச்சலானார்.

"இன்னா சார் கேள்வி இது? உங்க கல்லுதான். ஊர்ல வேற கல்லா இருக்குது?"

இருந்தது!

அதைச் சொல்வதற்கு முன்னால், நம்ம சாம்பியனின் வீர வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடலாம். ஆம்பூர் மண்டியில் தோல் வாங்குகிறவன் முடிப்பக்கத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டான். சதைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அந்தப் புத்தி ஜனங்களுக்குத் தோல் வாங்கும்போது உண்டு. ஆளை வாங்கும்போது கிடையாது.

ரெனால்ட் பல்லால் லாரி இழுத்தவன். இழுத்த இடம் இறக்கம். ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் லாரி தானாகவே வந்தது. இவன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு முன்னால் ஓடினான். கைதட்டினார்கள்!

இரும்புக் கம்பியை வளைத்தவன். முதல் நாளே பட்டறையில் காய்ச்சிப் பதம் பார்த்து வைத்த கம்பி. விசில் அடித்தார்கள்!

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தக் கல். கறுப்புப் பெயின்ட் அடித்து, சிவப்பில் '160' என்று எழுதிய உருண்டை. அதைத் தரையிலிருந்து நாலடி மேடைக்கு ஏற்றி வைப்பான், தொண்டை நரம்பு வெடிக்கிற மாதிரி உறுமிக்கொண்டு.

உருண்டையின் உண்மையான எடை பதினோரு கிலோ. வெளியே ஃபைபர், உள்ளே சுத்தமான வேலூர் காற்று!

உடனே திரை மூடும். மேடையில் மறைத்து வைத்திருக்கும் அசல் சிமென்ட் உருண்டை முன்னால் வரும், திரை திறக்கும். "எவனாவது ஆம்பளையா இருந்தா வந்து அசைச்சுப் பாரு!" என்று மைக்கில் சவால். எவனாலும் முடியாது. ரெனால்ட்டாலும்தான்!

இரண்டையும் செய்துகொடுத்தவர் ஜோஸ் மேஸ்திரி. இப்போது செத்துக் கிடப்பவர்.

"நீங்க கார்ல முன்னால போங்க. நான் குளிச்சிட்டு பஸ்ல வந்துர்றேன்" என்றாள் ஜெனிஃபா.

ரெனால்ட் காரில் ஏறப் போனான். ஏற முடியவில்லை. சீட்டு ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. திட்டிக்கொண்டே அதைப் பின்னால் தள்ளினான். பையை வைக்க டிக்கியைத் திறந்தான்.

உள்ளே...

கறுப்பு உருண்டை! சிவப்பில் 160!

ரெனால்ட் டிக்கியைப் படாரென்று மூடினான். நேற்று சாயந்திரம் இது ஆம்பூரில் மேடைக்குக் கீழே அல்லவா இருந்தது? இங்கே எப்படி...?

மூளை இருக்கிறவன் யோசித்திருப்பான். ரெனால்ட் பயந்தான். இது போலீஸ் கண்ணில் பட்டால்? ஏழு வருடப் பட்டம், 'ரெனால்ட் பவர் அகாடமி', ஹைவே ஓரத்து நாற்பதடி பேனர்... எல்லாம் போச்சு!

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ரோட்டோரம் ஓர் ஏரி. ஆள் நடமாட்டம் இல்லை. உருண்டையை எடுத்து வீசினான்.

தொப்!

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து வேண்டும்.

ஆம்பூரில் நயீம் அகமதுவின் பழைய தோல் கிடங்குதான் இன்று போட்டி நடக்கவிருந்த இடம். பெல்ட், ஷூ ஏற்றுமதி செய்கிறவர். ரெனால்ட்டின் இடுப்பில் அவருடைய பெல்ட் ஏறிய பிறகுதான் சாம்பியனுக்கு மவுசு, பெல்ட்டுக்கும் மவுசு.

கிடங்கு வாசலில் ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் முந்நூறு பேர். "தலைவா!" என்று கத்தினார்கள். ரெனால்ட் கை ஆட்டினான். சாவு வீடு என்பது பாதி ஆட்டியபிறகுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே இன்ஸ்பெக்டர் பொன்மலர் காத்திருந்தாள். அப்பா தோல் தரகர். ஆகவே எதிராளி முகத்தில் விலையைப் படிப்பது அவளுக்குப் பரம்பரைச் சொத்து.

"வாங்க சாம்பியன். இந்த போட்டோவப் பாருங்க. நேத்து சாயந்திரம் பேப்பர்காரங்க எடுத்தது. கல்லு எங்க இருக்குது?"

"தரையில மேடம்."

"நீங்க இன்னா பண்றீங்க?"

"அது மேல ஒரு காலை வெச்சு போஸ் குடுக்கிறேன்."

"இப்ப அந்தக் கல்லு எங்க?"

மேடையைப் பார்த்தான். திரை விலகியிருந்தது. காலி மரப்பெட்டி. பக்கத்தில் பாய். பாயின் மேல் ஜோஸ். ஜோஸின் நெஞ்சின் மேல்...

ரெனால்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"காவலுக்குன்னு மேடையிலேயே படுத்திருக்காரு. நாலடி உயரம். கிரேன் வந்த தடம் இல்ல. எங்க ஆளுங்க ரெண்டு பேரு தள்ளியும் அசையல. இதைத் தூக்கறவன் ஜில்லாவுலயே ஒருத்தன்தான்னு வெளிய நூறு பேனர் சொல்லுது. போதாததுக்கு உங்க வண்டி ராத்திரி ஒண்ணு நாப்பதுக்கு டோலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்குது. மூணு இருபதுக்குத் திரும்பியிருக்குது." பொன்மலர் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு, நீ கொலைகாரன். இல்ல, இதைத் தூக்கவே முடியாதவன். எதுன்னு நீயே சொல்லு."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'கீழே இருந்தது டூப்பு, அசல் கல் முதலிலிருந்தே மேடையில்தான் இருக்கிறது' என்று சொன்னால் கழுத்து தப்பிக்கும்.

வெளியே "தலைவா... தலைவா..." என்று கோஷம்.

நாற்பதடி பேனரில் அவனே அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"நான்தான்!" என்று கத்தினான் ரெனால்ட். "ஜோஸை நான்தான் கொன்னேன்! கல்லைத் தூக்கிப் போட்டேன்... ஒத்தைக் கையால!"

வாசலில் ஆரவாரம்! எவனோ பட்டாசு கூடக் கொளுத்தினான்!

பொன்மலர் அசரவில்லை.

"ஒத்தைக் கையா? ரொம்ப நல்லதாப் போச்சு. பாடியை எடுக்கணும். அதே கையால கல்லைத் தூக்கி ஓரமா வைங்க பார்ப்போம்."

"மேடம்... இப்ப மனசு சரியில்ல."

"கையைத்தான்யா கேட்டேன்?"

ரெனால்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பொன்மலர், ஓரமாக நின்றிருந்த நயீம் அகமது பக்கம் திரும்பினாள்.

"பாய், ஏட்டய்யா காலையில உங்களுக்கும் போன் பண்ணாரு. ஜோஸ் மேல கல்லு விழுந்துச்சுன்னதும் நீங்க கேட்ட மொத கேள்வி இன்னா?"

நயீம் பாய் தாடியைத் தடவினார். "யாபகம் இல்லைம்மா."

"எனக்கு யாபகம் இருக்குது. 'எந்தக் கல்லு?' இவரும் அதையேதான் கேட்டிருக்காரு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது ஒரு கல்லு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி ரெண்டாச்சு?"

"அம்மா... பாதி சொல்றேன். மீதியைக் கேக்காம விட்ருவீங்களா?"

"எங்கப்பா தரகர், பாய். என்கிட்டயே பேரமா? முழு விலை. இல்லேன்னா நீங்களும் வண்டியில ஏறுங்க."

நயீம் பாய் பெருமூச்சு விட்டார். வியாபாரி, நஷ்டம் என்று தெரிந்த சரக்கை வைத்துக்கொண்டு அழமாட்டார்.

"ரெண்டு கல்லும்மா. ஒண்ணு அசல், ஒண்ணு காத்து. அசலை வெள்ளிக்கிழமையே ஜோஸ் செயின் பிளாக் போட்டு மேடைக்கு ஏத்தி, பெட்டி மேல ஆப்பு வெச்சு நிறுத்திட்டான்."

"பொய்! பாய் பொய் சொல்றாரு!" ரெனால்ட் துள்ளினான். "ஒரே கல்லுதான்! டூப்பு இருந்தா எங்க? காட்டச் சொல்லுங்க!"

வாசலில் ஜீப் நின்றது. ஏட்டு சுப்பராயன் இறங்கினார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வலது கையில் டீ கிளாஸ். இடது அக்குளில்... கறுப்பு உருண்டை!

முந்நூறு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

உருண்டையில் மஞ்சள், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ.

"பள்ளிகொண்டா பக்கத்து ஏரியில கல்லு மிதக்குதுன்னு ஒரே கூட்டம் மேடம். அதுக்குள்ள கற்பூரம் ஏத்தி, உண்டியல் வெச்சுட்டானுங்க. புடுங்கிட்டு வர்றதுக்குள்ள தாவு தீர்ந்து போச்சு. எங்க வெக்கட்டும்?"

"சாம்பியன் மடியில வைங்க."

வைத்தார். ஏழு வருட சாம்பியன் குழந்தை மாதிரி அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அந்த நேரம் பார்த்து ஜெனிஃபா தலையில் முக்காடிட்டு, கையில் வேதாகமத்துடன் உள்ளே வந்தாள். கணவன் மடியில் இருந்ததைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் வெறுப்பு மின்னி மறைந்தது.

பொன்மலர் அந்தக் கணத்தைத் தவறவிடவில்லை.

"பாய், டூப்பு விஷயம் யார் யாருக்குத் தெரியும்?"

"நாலு பேருக்கு. நானு, இவன், ஜோஸ்... பெயின்ட் அடிக்கிறது ஜெனிஃபாம்மாதான்."

"சரி. ரெனால்ட், ஒரே ஒரு கேள்வி. காலையில வண்டி எடுக்கும்போது சீட்டு எப்படி இருந்தது?"

"ஸ்டியரிங்கோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு மேடம். என் தொப்பை உள்ள போவல, பின்னால தள்ளி..."

நிறுத்தினான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவன் மூளை ஒரு எடையைத் தூக்க முயன்றது.

"ஜெனி...?"

"ரெண்டு கல்லு இருக்குதுன்னு தெரிஞ்சவங்க எல்லாரும் 'எந்தக் கல்லு?'ன்னு கேட்டாங்க" என்றாள் பொன்மலர். "போனை மொதல்ல எடுத்தது நீங்கம்மா. நீங்க மட்டும் கேக்கல. பதில் ஏற்கெனவே தெரிஞ்சவங்க எதுக்குக் கேக்கணும்? டோல்கேட் கேமராவுல முக்காடு போட்ட ஒரு பொம்பளை தெரியறாங்க. பார்க்கறீங்களா?"

ஜெனிஃபா வேதாகமத்தை மேஜை மேல் வைத்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"போன மாசம் உபவாச ஜெபத்துல ஜோஸ் அண்ணன் மனம் திரும்பிட்டாரு மேடம். இன்னிக்கு மேடையில மைக்கைப் பிடிச்சு, ரெண்டு கல்லையும் காட்டி சாட்சி சொல்லப் போறேன்னு என்கிட்டதான் மொதல்ல சொன்னாரு. கெஞ்சினேன். கேக்கல. சத்துவாச்சாரியில இருநூறு பசங்க என் அகாடமியில சேர்ந்திருக்காங்க. திருப்பத்தூர் கிளைக்கு இடம் பார்த்தாச்சு."

"அதுக்காக ஒரு உயிரா? பழியைப் புருசன் மேல வேற போட்டு?"

"கொலைகாரன் பேர்ல ஜிம்மு நடத்தலாம் மேடம், கூட்டம் இன்னும் ஜாஸ்தியா வரும். டூப்பு பேர்ல நடத்த முடியுமா?"

"எப்படிம்மா...?" நயீம் பாய் ஓரடி முன்னால் வந்தார். "அந்தக் கல்லை நீ எப்படி..."

"நான் எங்க தூக்கினேன்? அண்ணன் அசந்து தூங்கினாரு. ஆப்பை உருவினேன். அவ்ளோதான்."

பொன்மலர் கேட்டாள். "இவரு உண்மையைச் சொல்லியிருந்தா?"

"இவரா?" ஜெனிஃபா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். அழுகின தோலை மண்டியில் அப்படித்தான் பார்ப்பார்கள். "தூக்குல தொங்கினாலும் பட்டத்தோட தொங்கணும்னு நினைக்கிற ஆளு. டிக்கியில வெச்சா தானே கொண்டு போய் ஒழிச்சுடுவாருன்னு தெரியும். ஆனா தண்ணியிலயா போடுவாரு? காத்தடைச்ச உருண்டை மிதக்கும்னு எல்கேஜி புள்ளைக்குத் தெரியும்!"

பெண் போலீஸார் அவளை அழைத்துப் போனார்கள். போகும்போது கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ எழுந்து போலாம்யா" என்றாள் பொன்மலர். "சாட்சியை மறைச்சதுக்குக் கேஸ் வரும். கூப்பிடும்போது வா."

ரெனால்ட் உருண்டையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். கழுத்து தப்பித்த சந்தோஷத்தில் கையை உயர்த்தினான்.

கோஷம் இல்லை. விசில் இல்லை.

ஏட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்ததை முந்நூறு பேரும் பார்த்திருந்தார்கள். இப்போது முந்நூறு பேரும் குனிந்துகொண்டிருந்தார்கள். ஆம்பூர் அல்லவா... ஒவ்வொருவன் காலிலும் அசல் தோல் ஷூ!

ரெனால்ட் பாய்ந்து உள்ளே வந்தான். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம்! நான்தான் கொன்னேன்னு எழுதிக்குங்க மேடம்! என்னையும் லாக்கப்புல போடுங்க!"

பொன்மலர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஸாரிப்பா... அந்தப் பட்டத்தையும் உன் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா!"