வேட்டியில் நான்காவது நிலா

வேனில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். பார்த்த படத்தைப் பற்றி ஒன்பது கருத்துகள் இருந்தன. தனலெட்சுமி அத்தை மட்டும் இரண்டு வைத்திருந்தார்.

"படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஏர்கோன் குளுகுளுன்னு இருந்துச்சா, நிம்மதியாத் தூங்கினேன்." இது முதல் கருத்து.

"ஆனா சத்தம் அதிகம் லா. நாலு தடவை எழுப்பி விட்டுட்டாங்க." இது இரண்டாவது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் போதும், வேனுக்குள் இருந்த முறுக்கு வாசனைகூட எனக்கு ஞாபகம் வருகிறது.

நான் ஜனனி. அப்போது ஆரம்பப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில், ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீடு தேவன் மாமாவுடையது. இரண்டு வாசலுக்கும் நடுவே வேலி கிடையாது. துணி காயப்போடும் கொடிக்கம்பி ஒன்றுதான் எல்லை. ஒரே கம்பியில் எங்கள் துணியும் தொங்கும், அவர்கள் துணியும் தொங்கும். என் தம்பி சூரியின் பள்ளிக்கூடச் சட்டை பாதி நாள் அவர்கள் வீட்டு அலமாரியில்தான் கிடைக்கும்.

தேவன் மாமாவும் தனலெட்சுமி அத்தையும், ஷ்வேதா அக்காவும், என் வகுப்பில் படிக்கும் நிர்மலும் அடுத்த சனிக்கிழமை மந்தினுக்குக் குடிபோக இருந்தார்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மாமாவுக்குப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்திருந்தது.

"போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா ஒரு படம் பார்த்துடணும்" என்று மாமாதான் சொன்னார். அதனால்தான் சிரம்பானுக்குப் போய் அந்த விண்வெளிப் படத்தைப் பார்த்தோம்.

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட படம்! வேறொரு உலகம். வானத்தில் மூன்று நிலா. கடல் தலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கும். மழை கீழிருந்து மேலே போகும்.

"கப்பல் ஒரே சுத்துல திரும்புச்சே, பார்த்தியா?" என்றான் நிர்மல்.

"அந்தப் பொண்ணு மூணு வருஷம் பயணம் பண்ணாளே, ஒரு வாய் சோறு சாப்பிட்டாளா?" என்றார் அம்மா. படம் முழுக்க அவருக்கு அதே கவலை.

ஷ்வேதா அக்காவுக்குக் கதாநாயகியின் உடுப்பு பிடித்திருந்தது. சூரிக்கு ஐந்து வயது. ஆயிரம் கண் உள்ள மிருகம் வந்தபோது அவன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆனாலும், "மிருகம்தான் சூப்பர்" என்றான்.

எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் பெண் தன் உலகத்தை விட்டுக் கிளம்பும்போது, கப்பலின் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போவாள். அங்கே நான் அழுதுவிட்டேன். நல்ல வேளை, இருட்டு.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அப்பா வாயைத் திறந்தார்.

"இதுதான்டா படம்! கடல் தொங்குச்சு பாரு, எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த மாமா சொன்னார்: "கடல் தொங்குது, மழை மேல போகுது. எல்லாம் சரி. கதை எங்க லா?"

"கதை எதுக்கு? கண்ணுக்கு விருந்துடா!"

"கண்ணுக்கு விருந்து போட்டான். மனசைப் பட்டினி போட்டுட்டான்."

அம்மா சிரித்தார். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"உனக்குப் படம் பார்க்கவே தெரியாதுடா. திரைக்குப் பின்னாடித் தேவன்தானே நீ!"

மாமா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். வீட்டு வாசலில் வேன் நின்றதும் இறங்கி, யாருக்கும் 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அது மாமாவின் பழைய பட்டப்பெயர். அப்பாவும் மாமாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, தோட்டத்துத் திடலில் மாதம் ஒரு தடவை வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். எல்லாரும் துணிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார, மாமா மட்டும் பின்னால் போய் உட்காருவாராம். பின்னாலிருந்தும் படம் தெரியும். ஆனால் எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும். வலது கையால் கத்தி வீசுகிறவன் இடது கையால் வீசுவான். தோட்டமே மாமாவைக் கேலி செய்யுமாம்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போக வழக்கம்போல மாமாவின் வேனில் ஏறப் போனேன்.

"வேணாம். நான் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடறேன்" என்றார் அப்பா.

பாதி வழியில் மழை கொட்டியது. நான் நனைந்த கோழியாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். வேனில் வந்த நிர்மல் காய்ந்த சட்டையோடு நின்றான். எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது. அவன் என்ன செய்தான், பாவம்!

மூன்று நாள் இப்படியே போனது. அப்பா கொடிக்கம்பியில் எங்கள் துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டார். மறுபக்கம் மாமா அவர்கள் துணிகளைத் தள்ளிவிட்டார். நடுவே கம்பி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை சாமான் ஏற்ற லோரி வந்துவிடும். இவர்கள் பேசிக்கொள்ளாமலே பிரிந்துவிட்டால், அப்புறம் யார் முதலில் மந்தினுக்குப் போன் போடுவது? இரண்டு பேருமே போடமாட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு படத்துக்காகவா இவ்வளவு சண்டை?" என்று புதன்கிழமை பள்ளித் தண்ணீர்க் குழாயருகே நிர்மலிடம் கேட்டேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "படத்துக்காக இல்ல. அந்தப் பேருக்காக. நேத்து ராத்திரி அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தார். நான் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கிட்டே கேட்டுட்டேன். நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

"உங்க அப்பாவுக்கு அப்போ ஏழு வயசாம். ஒரு படத்துல பெரிய பாம்பு வந்துச்சாம். அது துணிக்குப் பின்னாடி சுருண்டு படுத்திருக்குன்னு நெனச்சு ரொம்பப் பயந்துட்டாராம். உடனே எங்க அப்பா எழுந்து பின்னாடி ஓடிப்போய், 'குணா, பயப்படாதே! இங்க ஒண்ணும் இல்ல, நான்தான் இருக்கேன்'னு கத்தினாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் எங்க அப்பா பின்னாடிதான். அப்போதான் உங்க அப்பா முன்னாடி தைரியமா உட்காருவாராம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்க அப்பா சத்தியம் வாங்கிக்கிட்டாராம். அதான் ஊரே கேலி பண்ணப்போகூட எங்க அப்பா வாயைத் திறக்கல."

ஊரே அந்தப் பெயரைச் சொல்லலாம். என் அப்பா சொல்லலாமா?

ஓடிப்போய் அப்பாவிடம், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் அப்பாவுக்கு வெட்கம்தான் வரும். வெட்கம் வந்தால் இன்னும் முறைத்துக்கொள்வார். அதோடு நிர்மலுக்கு வேறு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த வெறும் கொடிக்கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று ஒரு யோசனை வந்தது. மாமா எங்கள் பக்கம் வரமாட்டார். அப்பா அவர்கள் பக்கம் போகமாட்டார். சரி, யாரும் எங்கேயும் போகவேண்டாம்!

ஷ்வேதா அக்காவிடம் ரொட்டி டப்பா அளவில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. "பெட்டியில கட்டிட்டேன் ஜனனி" என்று முதலில் முனகினார். விஷயத்தைச் சொன்னதும், கட்டிய பெட்டியைத் தானே பிரித்தார்.

துணிக்கு அப்பாவின் திருவிழா வேட்டியை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டார்.

"எதுக்குடி?" என்றார். சொன்னேன். அம்மா ஆறு துணிக்கவ்விகளை எடுத்து என் கையில் வைத்தார்.

பொய் சொல்லக்கூடாது என்பது நிர்மலும் நானும் போட்ட ஒப்பந்தம்.

"அப்பா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியில துணி கட்டிப் படம் காட்டப் போறோம். நீங்க நம்ம பக்கம் உட்கார்ந்தா போதும்" என்றேன்.

"அவங்க?"

"அவங்க, அவங்க பக்கம்."

அப்பா யோசித்தார். "நான் எங்கேயும் எழுந்து போகமாட்டேன். சொல்லிட்டேன்."

"எழுந்திருக்கவே வேணாம்பா."

நிர்மலும் அவன் வீட்டில் இதையேதான் சொல்லியிருந்தான். மாமாவும் இதையேதான் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணி. இருட்டிவிட்டது. கம்பியில் வேட்டி தொங்கியது. இந்தப் பக்கம் பாயில் நாங்கள் நான்கு பேர். அந்தப் பக்கம், கட்டிவைத்த பெட்டிகளின் மேல் அவர்கள் நான்கு பேர். புரொஜெக்டர் எங்கள் பக்கத்தில் இருந்தது. எங்கள் வீட்டில்தான் வெளியே பிளக் இருக்கிறது.

நாங்கள் போட்டது அந்த விண்வெளிப் படத்தின் முன்னோட்டம். இரண்டரை நிமிடம்தான். வேட்டியில் மூன்று நிலா எழுந்தது. பக்கத்தில் நான்காவதாக ஒன்று, மஞ்சளாக.

"அந்த நிலா படத்துல இல்லையே?" என்றார் அம்மா.

"அது போன திருவிழாவுல நான் சிந்தின ரசம்" என்றார் அப்பா.

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். ஷ்வேதா அக்காவாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்து கடல் தொங்கியது. மழை மேலே போனது. அப்பா வாயைப் பிளந்து பார்த்தார். ஆனால் வாய் திறந்து பாராட்டவில்லை. பக்கத்தில் சண்டை போட ஆள் இல்லாமல் எதைப் பாராட்டுவது?

திடீரென்று வேட்டி முழுக்க ஆயிரம் கண் மிருகம். காற்றில் வேட்டி அசைந்ததும் மிருகம் எங்கள் மேல் பாய்வது போலவே இருந்தது. சூரி வீல் என்று அலறினான்.

உடனே துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"குணா, பயப்படாதே! இங்க ஒண்ணும் இல்ல, நான்தான் இருக்கேன்!"

தேவன் மாமா.

சூரியின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் அவர் வாயில் அப்பாவின் பெயர் வந்துவிட்டது. சத்தியமாக இது எங்கள் திட்டத்தில் இல்லை. முன்னோட்டம்கூட முடிந்துவிட்டது. வேட்டியில் வெறும் வெளிச்சமும் ரசக் கறையும் மட்டும் இருந்தன.

அப்பா எழுந்தார். எழுந்திருக்கவே மாட்டேன் என்று சொன்ன அதே அப்பா. வேட்டியைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். நாங்களும் பின்னாலேயே நுழைந்தோம்.

"தேவா" என்றார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுடா. நீ ஊரை விட்டுப் போறியேன்னு ஒரு வாரமா மனசே சரியில்ல. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம என்னென்னமோ பேசிட்டேன்."

பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். "கேட்டுக்குங்க. திடல்ல பயந்தாங்கொள்ளி நான்தான். இவன் எனக்காகத்தான் அத்தனை படத்தையும் பின்னாடி உட்கார்ந்து பார்த்தான்."

மாமா பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "உட்காருடா. ஜனனி, மறுபடி போடும்மா."

மறுபடி போட்டேன். இந்த முறை எட்டுப் பேரும் துணிக்குப் பின்னால். எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. கதாநாயகி இடது கையால் கப்பலை ஓட்டினாள்.

"இந்தப் பக்கத்துலேருந்து பார்த்தா," என்று அப்பா மெதுவாகச் சொன்னார், "கதை கொஞ்சம் கம்மிதான் லா."

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இருக்கட்டும். அந்தக் கடல் நல்லாத்தான் தொங்குது."

மூன்றாவது தடவை போட்டபோது, "நான் எங்கடா கதை கம்மின்னு சொன்னேன்?" என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். மாமாவும் விடவில்லை. அத்தை பெட்டியில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். எனக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

காலையில் லோரி வந்தது. இரண்டு பேரும் அலமாரியின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கும்போதும் அதே சண்டைதான். நிர்மல் லோரியின் முன்னிருக்கைக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். இந்த முறை நல்ல வெளிச்சம். நான் அழுததை எல்லாரும் பார்த்தார்கள். பரவாயில்லை.

அடுத்த வாரம் மந்தின் வீட்டில் பால் காய்ச்சினார்கள். போவதற்கு முன்னால் அந்த ரசக் கறையைப் போக்க, அம்மா வேட்டியை வாளியில் ஊறப்போட்டிருந்தார். அப்பா ஓடிவந்து அதை வெளியே எடுத்துவிட்டார்.

அதைக் கட்டிக்கொண்டுதான் மந்தினுக்கு வந்தார். நிலா எல்லாருக்கும் தெரியும்படி முன்பக்கமாகக் கட்டியிருந்தார்.