ஒன்பது நூல்

"ஒண்ணு ரெண்டு இல்ல சார், அஞ்சு பானட் பாத்தாச்சு. ஒண்ணுகூட என் வண்டிக்குப் பொருந்தல. யாரோ வேணும்னே பண்றாங்க."

கணக்கு டீச்சர் இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே இருந்தவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி அவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தும் 'முத்திரை' என்ற பட்டப்பெயரிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. எது காணாமல் போனாலும், எந்தக் கணக்கு உதைத்தாலும் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது அவர் ஒரு சின்னப் பித்தளைத் தராசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மச்சானுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த ஆள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். "யார் மேலம்மா சந்தேகம்? தயங்காம சொல்லுங்க," என்று நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

"முதல்ல விஷயத்தக் கேப்போம், மச்சான்," என்றார் முத்திரை.

விஷயம் இதுதான். டீச்சரிடம் முப்பத்தைந்து வருடப் பழைய ரேஸ் கார் ஒன்று இருந்தது. 'வெட்டுக்கிளி' என்று பெயர். பிழைப்புக்காக ஓட்டுவதல்ல. பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் மலைப்பாதை ஓட்டத்துக்காக அதைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்தில், ஒரு வளைவில் வண்டி பாறையில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இஞ்சினை மூடும் பானட் மட்டும் சுருட்டிப் போட்ட பாய் மாதிரி ஆகிவிட்டது.

"அத செஞ்ச ஃபேக்டரி மூடிப் பல வருஷமாச்சு சார். பழைய சாமான் கடைல தேடித்தான் எடுக்கணும். இன்னும் ஒம்பது நாள்ல ஓட்டம். போன வருஷம் இஞ்சின் கோளாறு, ஓடல. ரெண்டு வருஷம் தொடர்ந்து ஓடலன்னா பட்டியல்லேர்ந்து வண்டிய எடுத்துருவாங்க. அப்புறம் அது வெறும் இரும்பு."

"பானட்ட வாங்கிட்டு வந்து மாட்டிப் பாத்தீங்களா?"

"அது எப்படி முடியும்? வித்தத திரும்ப எடுக்க மாட்டோம்னு எல்லாக் கடையிலயும் போர்டு. அதான் கடையிலயே அளவெடுத்துப் பாத்துட்டு வந்துடுவோம். நீளம் சரியா இருக்கு, அகலம் சரியா இருக்கு, கீல் மாட்டற ஓட்டைங்க மட்டும் தள்ளித் தள்ளி இருக்கு."

"வேற ஓட்டை போட்டுக்கிட்டா போச்சு," என்றார் மச்சான்.

"அந்த இடத்துல மட்டும்தான் உள்ள இரும்புப் பட்டை இருக்கு. மத்த இடமெல்லாம் வெறும் தகடு. வேகத்துல பானட் பிச்சுக்கிட்டு முகத்துல வந்து அடிக்கும்."

சந்தேகம் யார் மேல் என்று மச்சான் மறுபடி கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனின் தம்பி, அதாவது கொழுந்தன், வெட்டுக்கிளி மேல் இரண்டு வருடமாகக் கண் வைத்திருந்தான். "எனக்குக் குடுத்துடுங்க அண்ணி, நான் ஓட்டறேன்" என்று வாரம் ஒருமுறை கேட்பான். வண்டித் தகடு தட்டும் பட்டறைக்காரரான டிங்கர் அண்ணனோ பத்து வருடமாக வண்டியைப் பார்த்துக்கொள்பவர். ஆனால் கொழுந்தனின் வண்டியும் அவர் பட்டறையில்தான் நிற்கிறது. வண்டியின் அளவை எடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தவரும் அவரே.

"ரெண்டு பேரும் கூட்டு," என்று மச்சான் தீர்ப்பே எழுதிவிட்டார்.

முத்திரை தராசைக் கீழே வைத்தார். "அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

டீச்சர் ஒரு நோட்டை நீட்டினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவர் நிதானமாக வாசித்தார்.

"வண்டி: கீல் ஓட்டைகளுக்கு நடுவில் இருபத்து மூணு இஞ்ச் ஆறு நூல். முதல் பானட்: நீளம் நாற்பத்தொண்ணரை, அகலம் முப்பத்தெட்டேகால், ஓட்டை இருபத்து நாலு இஞ்ச் ரெண்டு நூல். ரெண்டாவது: நாற்பத்தொண்ணரை, முப்பத்தெட்டேகால், இருபத்து மூணு இஞ்ச் ரெண்டு நூல். மூணாவது: நாற்பத்தொண்ணரை, முப்பத்தெட்டேகால், இருபத்து ரெண்டு இஞ்ச் ஒன்பது நூல். நாலாவது: அதே நீளம், அதே அகலம், இருபத்து நாலு இஞ்ச் நாலு நூல். அஞ்சாவது 'வேறு மாடல்'னு எழுதி அடிச்சிருக்கு."

"நூலுன்னா?" என்றார் மச்சான்.

"ஒரு இஞ்ச எட்டாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. டிங்கர், தச்சர் எல்லாம் அப்படித்தான் பேசுவாங்க," என்றவர், மூன்றாவது பானட்டின் வரியில் விரலை வைத்தார். "இந்த நாலும் ஒரே ஃபேக்டரியோடதுதானா?"

"நாலுலயும் அடியில ஃபேக்டரி முத்திரை இருக்கு. நானே தடவிப் பாத்தேன்."

"கடைக்குத் தனியாவா போனீங்க?"

டீச்சரின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "ஊசி வருவா. தையல் கடை வெச்சிருக்கா, என் சிநேகிதி. அவ இல்லன்னா நான் எப்பவோ கைய விரிச்சிருப்பேன். ரெண்டு மாசமா கடையக் கூடப் பூட்டிட்டு வேகாத வெயில்ல என் கூட அலையறா. டேப்ப பிடிச்சு அவ சொல்லுவா, நான் எழுதுவேன். மலைப்பாதையிலயும் எங்க வழக்கம் அதான். பக்கத்து சீட்டுல உக்காந்து எந்த வளைவு, எவ்வளவு வேகம்னு அவ சொல்லுவா. நான் திருப்புவேன். அவ கையில இருக்கற காகிதத்த நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். பதினோரு வருஷமா அப்படித்தான்."

"பக்கத்துல ஆள் இருந்தே ஆகணுமா?"

"கட்டாயம் இல்ல. ஆனா அவ இல்லாம நான் போனதில்ல."

முத்திரை நோட்டை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மதியம் எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொன்னார். மச்சானைத் தனியே அழைத்து ஒரு வேலை கொடுத்தார். மச்சான் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினார்.

சனிக்கிழமை பட்டறையில் பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. பானட் இல்லாத வெட்டுக்கிளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சுவரில் சாக்பீஸ் எழுத்து: 23 இஞ்ச் 6 நூல். டிங்கர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொழுந்தன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஊசி தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். டேப் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. டீச்சர் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். டிங்கர், கொழுந்தன் இருவரில் யார் என்று தெரியப்போகிறது, அப்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று நினைத்தாள்.

மச்சான் வேனில் வந்து இறங்கினார். நான்கு பேர் பிடித்து ஒரு பானட்டை இறக்கினார்கள். டீச்சருக்கு அது தெரிந்தது. மூன்றாவது கடையில் பார்த்த பச்சை பானட்.

"அத்தான் சொன்னபடி நாலு கடைக்கும் போனேன்," என்றார் மச்சான். "ஒரு ஓட்டையிலகூட புதுசா கை வெச்ச அடையாளம் இல்ல. சுத்தி எல்லாம் பழைய துரு. யாரும் வந்து விசாரிக்கவும் இல்லையாம். என் கூட்டுச் சதி அங்கயே படுத்துருச்சு."

கொழுந்தன் சாவியை நிறுத்தினான். "கூட்டுச் சதியா? யாரு, நானா?"

"நீங்க இல்ல, தம்பி," என்றார் முத்திரை. "டிங்கரும் இல்ல. டிங்கர் சுவத்துல தப்பா எழுதியிருந்தா, நாலு பானட்டும் அந்த அளவுக்கு ஒரே மாதிரி தள்ளியிருக்கும். மோதினதுல வண்டி கோணியிருந்தாலும் அப்படித்தான். ஆனா நோட்டுல நாலும் நாலு அளவு. ஒரே அச்சுல அடிச்ச நாலு மூடிக்கு நீளம் ஒண்ணு, அகலம் ஒண்ணு, ஓட்டை மட்டும் எப்படி நாலு விதமா இருக்கும்? தப்பு வண்டியிலயும் இல்ல, பானட்லயும் இல்ல. அப்ப நடுவுல இருக்கறது எது?"

அவர் ஊசியைப் பார்த்தார். "அம்மா, அந்த ஓட்டைங்களுக்கு நடுவுல ஒரு தடவ அளந்து சொல்லுங்க."

ஊசி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். பானட்டின் மேல் குனிந்தாள். டிங்கரும் கொழுந்தனும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். அவள் நெடுநேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்து மூணே முக்கால்," என்றாள்.

"முக்கால்னா ஆறு நூல். சுவத்துல இருக்கற அதே அளவு," என்றார் டிங்கர் மெதுவாக.

டீச்சருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பொருந்துகிறதே என்ற சந்தோஷம். அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

முத்திரை நோட்டைத் திறந்தார். "தையல்காரங்க கால், அரை, முக்கால்னுதான் பேசுவாங்க. நோட்டுல நீளமும் அகலமும் அப்படித்தான் இருக்கு. 'நாற்பத்தொண்ணரை', 'முப்பத்தெட்டேகால்'. டேப்பப் பாத்து வாய் தானா சொன்னது. ஓட்டைன்னு வந்ததும் மட்டும் பேச்சு நூலுக்கு மாறுது. அது இந்தச் சுவத்துல பாத்துக் கடன் வாங்கின வார்த்தை. கடன் வாங்கினதுல ஒரு எடத்துல சறுக்கிருச்சு. மூணாவது பானட், 'இருபத்து ரெண்டு இஞ்ச் ஒன்பது நூல்'. இஞ்சுக்கு எட்டு நூல்தான். ஒன்பதாவது நூல் எந்த டேப்லயும் இல்ல. டேப்பப் பாத்துப் படிக்கறவங்க வாயில அது வராது. மனசுல தோணினதச் சொன்னாத்தான் வரும்."

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தாள். 22 இஞ்ச் 9 நூல். அவளுடைய கையெழுத்து. ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்து நிற்க வைத்திருப்பாள். ஊசி சொன்னாள் என்பதால் எழுதிவிட்டாள்.

"தப்பா படிச்சிருப்பா, சார்," என்றாள். தன் குரல் தனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "வெயில்ல கண்ணு கூசியிருக்கும். சொல்லுடி."

"இல்ல," என்றாள் ஊசி. "பொய்தான் சொன்னேன்."

அவள் டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அந்த வளைவுல ரெண்டு தடவ 'மெதுவா'ன்னு சொன்னேன். நீ கேக்கல. மோதினதும் நீ எறங்கி ஓடிப் போய் பானட்டத் தடவிப் பாத்தே. நான் உள்ளயே சீட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ திரும்பிப் பாக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் அந்த சீட்ட நினைச்சாலே எனக்கு வேர்க்குது."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? வேற ஆள உக்கார வெச்சுக்கிட்டு போயிருப்பே." ஊசி டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். "என்னால உக்காரவும் முடியல. இன்னொருத்தி உக்கார்றதப் பாக்கவும் முடியாது. வண்டி இப்படியே நின்னுட்டா நல்லதுன்னு தோணுச்சு."

டீச்சருக்கு இரண்டு மாதமும் கண்முன் ஓடியது. கடை வாசல்களில் தோள் மேல் கை போட்டு, "விடுடி, அடுத்த கடையில கிடைக்கும்" என்று தேற்றிய ஊசி. தண்ணீர் பாட்டிலை முதலில் தன்னிடம் நீட்டிய ஊசி. பொருந்தும் மூடி நான்கு தடவை கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் செய்த அதே கை. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதானா என்று நினைத்தாள். கொழுந்தன் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். இதற்குக் கோபம்கூட வரவில்லை.

"பதினோரு வருஷம்," என்றாள். "நீ எடதுன்னா எடது, வலதுன்னா வலது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். உன் குரல நம்பித்தானே ஓட்டினேன். அதெல்லாமாவது நெஜமா?"

"எல்லாம் நெஜம். அந்த நாலு நம்பர் மட்டும்தான் பொய்."

"அது எனக்கு எப்படித் தெரியும், ஊசி? நான்தான் என்னைக்கும் டேப்பப் பாத்ததில்லையே."

ஊசி சுருட்டிய டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஒருமுறை நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டிங்கரும் கொழுந்தனும் பச்சை பானட்டைத் தூக்கி வைத்தார்கள். கீல் ஓட்டைகள் நேர் நேராக வந்தன. திருகாணிகள் கையாலேயே உள்ளே இறங்கின. "அண்ணி, ஓட்டத்துக்கு நான் வேணும்னா பக்கத்துல வரட்டுமா?" என்றான் கொழுந்தன். இந்தத் தடவை வண்டியைக் கேட்கவில்லை. அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று டீச்சர் கூசிப் போனாள். மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

முத்திரை அவள் அருகே வந்தார். "நான் சொல்லாம விட்டிருக்கலாமோன்னு தோணுது."

"இல்ல சார். தப்புன்னா அடிச்சுத் திருத்தணும். பிள்ளைங்களுக்கு நான் அதத்தான் சொல்றேன்." பிறகு டிங்கரிடம் திரும்பினாள். "அண்ணே, அந்தப் பக்கத்து சீட்டக் கழட்டிடுங்க."

"வேற சீட் போட அளவு எடுத்துக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்ணே. கழட்டினா போதும்."

நான்கு திருகாணியைக் கழற்றி, சீட்டைத் தூக்கி அவள் காலடியில் வைத்தார். அதன் மேல் நீல நிற உறை. முதல் வருடம் ஊசி தன் கையால் தைத்துப் போட்டது. கழற்றி வீசிவிடலாம் என்று டீச்சர் குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. பதினோரு வருடம் கழித்தும் ஒரு நூல்கூடப் பிசகாமல் சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.