யார் வீட்டுச் சோறு

வேனிலிருந்து இறங்கிய அராபா, புழுதி அடங்கும் வரை சாலையோரத்திலேயே நின்றாள். எதிரே அம்மா வீட்டாரின் கடலோரக் கல்வீடு. முதலில் ஆட்களையும் பிறகு பனை எண்ணெயையும் கப்பல்காரர்களுக்கு விற்றுப் பெரிய மனிதரான ஒருவர் கட்டியது. தலைமுறை தலைமுறையாக உப்புக்காற்று தின்றும் விழாமல் நிற்கிறது. மாடியில் குடும்பம். கீழே, ஜன்னலே இல்லாத நீளமான கிடங்கு.

அவள் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அம்மாவின் இரங்கல் சுவரொட்டி. அம்மா மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருக்கிறாள். படம், வயது, பிள்ளைகள் பெயர், சனிக்கிழமை காலை ஜெப நேரம் எல்லாம் ஏறிவிட்டன. ஒரே ஒரு வரி மட்டும் காலி. அடக்கம் நடக்கும் இடம். நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் அச்சுக்காரன் கடையைப் பூட்டிவிடுவான்.

அந்த வரியில் என்ன வர வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் குடும்பத்து நிலம் இருக்கிறது. அம்மாவைப் பெற்றவள் அங்கேதான், ஒரு மூலையில், பெயர்க்கல் இல்லாமல் கிடக்கிறாள். மகள் தாய்க்குப் பக்கத்தில் படுப்பதில் யாருக்கு என்ன தடை?

அந்த வீட்டிலேயே இருக்கும் மன்சா அக்கா வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டாள். கருவாடு புகைபோட்டு விற்கிறவள். அவள் துணியில் எப்போதும் புகை வாசனை.

"வாடி தேமாப் பட்டணத்துக்காரி! அழுது அழுது கண்ணு ரெண்டும் அவிச்ச கெங்கே மாவுருண்டையாட்டம் வீங்கிக் கெடக்கு. மொதல்ல தண்ணி குடி. அப்புறம் வந்த சேதி சொல்லு."

"சேதிதான் தெரியுமே அக்கா. எடம் சொல்லணும்."

மாடிக்கூடத்தில் ஃபீஃபி மாமா உட்கார்ந்திருந்தார். குடும்பத் தலைவர். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் அதட்டத் தெரியாத மனிதர்.

"மேட்டு மேல சர்ச் கல்லறை இருக்கும்மா. நல்ல காத்து. அங்கயே வெச்சிடலாம்."

"எங்கம்மா இந்த வீட்டுப் பொண்ணு இல்லையா மாமா?"

"இல்லன்னு யாரு சொன்னா?"

"அப்ப எதுக்கு மேட்டுக்குத் தள்றீங்க?"

அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சொல்லக் கூடாதும்மா."

அந்த ஊரில் அதற்கு மேல் கேட்க முடியாது. ஒருவருடைய வேர் எங்கிருந்து வந்தது என்று அடுத்தவர் வாய் திறந்து சொல்வது பெரிய குற்றம். ஊர்த்தலைவர் கூப்பிட்டு ஆடு அபராதம் போடுவார். பேச்சு வேரைப் பற்றியது என்று அராபாவுக்குத் தோன்றவில்லை. மூன்று வாரமாக அழுது களைத்த மனதுக்கு ஒன்றுதான் பட்டது. செத்த பிறகும் அம்மாவை அவமானப்படுத்துகிறார்கள்.

"சரி மாமா. நாலு மணி வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். என் முகத்தப் பாத்து இன்னொரு தடவ இல்லன்னு சொல்லுங்க."

மாமா எழுந்தார். வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"இருக்கற வரைக்கும் ஒண்ணு மட்டும் கேளு. இந்த வீட்ல யாராவது கூப்பிட்டா, முகம் பாக்காம பதில் சொல்லாத."

அடுப்படியில் மன்சா மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே முணுமுணுத்தாள். "கையி சும்மா இருந்தா வாயி வம்பு வளக்கும். கீழ போயி சனிக்கெழமைக்கு நாற்காலி எடுத்துட்டு வா, கழுவி வெப்போம். வாசப்பக்கம் இருக்கறத மட்டும் எடு. உள்ள போவாத, என்ன?"

"உள்ள என்ன இருக்கு?"

"எலி இருக்கு. போடி."

உச்சி வெயில். முற்றத்து மணல் காலைச் சுட்டது. கிடங்குக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே குளிர்ந்தது. கல்லின் குளிர்ச்சி போல இல்லை. நிறையப் பேர் மூச்சு விட்டுவிட்டு நகர்ந்த இடம் போல ஒரு ஈரம். பழைய எண்ணெய் வாசனை, துரு வாசனை, அதற்கு அடியில் வேர்வை. வாசற்பக்கத்து நாற்காலிகள் உடைந்து கிடந்தன. நல்லவை பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில், சுவரோரமாக வரிசையாகப் போடப்பட்டிருந்தன. வெள்ளை நாற்காலிகள். கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

சுவர் முழுவதும் சொரசொரவென்றிருந்தது. தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் மட்டும் ஒரு பட்டை, அறையின் நீளம் முழுக்க, மழமழவென்று கறுத்து மின்னியது. தரையில் உட்கார்ந்தவர்களின் முதுகு பட்டுப் பட்டுத் தேய்ந்த பட்டை.

முதல் நாற்காலியைத் தூக்கினாள்.

அது சூடாக இருந்தது.

யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு. அடுத்ததைத் தொட்டாள். அதுவும். அதற்கடுத்ததும்.

கடைசி நாற்காலி மட்டும் சில்லென்றிருந்தது.

அப்போது ஒரு ஆண்குரல், அவசரமே இல்லாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்டது.

"யார் வீட்டுச் சோறு?"

அராபாவுக்குப் பயம் வரவில்லை. அதுதான் பின்னாளில் அவளை உறங்கவிடாமல் செய்தது. பயத்துக்கு முன்னால் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில், தட்டை வைக்கும் முன் அம்மா இதைத்தான் கேட்பாள். மகள் "உங்க வீட்டுச் சோறு" என்று சொன்னால்தான் அகப்பை இறங்கும். அம்மாவுக்கு அவள் அம்மா கற்றுத்தந்த விளையாட்டு. அராபாவின் ஒன்பதாவது வயதில், ஒருமுறை தனியாக இந்த வீட்டுக்கு வந்து போனபின், அம்மா அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சொற்களை அராபா கேட்டது ஆஸ்பத்திரியில்தான். கடைசி வாரம் கஞ்சி ஊட்டும்போது, யாரும் கேட்காமலே, அம்மா கண்ணை மூடிக்கொண்டு பதிலை மட்டும் சொன்னாள்.

இருட்டில், முதல் நாற்காலி இருந்த இடத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் எழுந்தது.

"உங்க வீட்டுச் சோறு."

அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்குரல். "உங்க வீட்டுச் சோறு."

அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு குரலும் ஒரு நாற்காலி தள்ளி, அவளை நோக்கி நகர்ந்து வந்தது. கடைசியாக வந்த குரலில் அம்மாவின் ஜாடை இருந்தது. ஆனால் அம்மா இல்லை, அம்மாவைவிட மூத்தவள்.

பிறகு நிசப்தம்.

அந்த நிசப்தம் காத்திருந்தது. சில்லென்றிருந்த நாற்காலியின் முறை.

வாய் தானாகத் திறந்தது.

"உங்க வீட்டுச் சோறு," என்றாள் அராபா.

இருட்டில் யாரோ திருப்தியாக மூச்சு விட்டார்கள்.

வாசலில் ஃபீஃபி மாமா நின்றிருந்தார். ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு இரைத்தது. அவள் தோளைப் பிடித்து வெயிலுக்கு இழுத்து வந்தார். முற்றத்தில் நிறுத்தியதும் பொத்தென்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லிட்டியேம்மா. உன் வாயாலயே சொல்லிட்டியே."

"என்னத்த மாமா சொன்னேன்? அது வெளயாட்டு. அம்மா..."

"வெளயாட்டு இல்லம்மா. பேரு." அவர் மணலைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டார். "வெலைக்கு வாங்கின ஆளுக்கு இந்த வீட்ல பேரு வெக்க மாட்டாங்க. ஒரு கேள்விய வெப்பாங்க. இந்த வீட்டக் கட்டின மொதலாளி பாதியச் சொல்லிக் கூப்பிடுவாரு. அவங்க மீதியச் சொல்லி ஓடி வரணும். வடக்கேருந்து புடிச்சிட்டு வந்த ஒரு பொண்ணு, கப்பலேத்தாம வீட்டு வேலைக்கு வெச்சிக்கிட்டாங்க. அவளுக்கு வெச்ச பேரு அது. அவ வம்சம் குடும்பத்தோட கலந்துடுச்சு, ஆனாலும் வம்சத்துக்கே அதுதான் பேரு. நீயா சொல்லிட்ட. இனி நான் சொன்னா குத்தமில்ல."

அராபா கிடங்குக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அதனாலதான் அம்மாவ இங்க புதைக்க வேணாங்கறீங்களா? அடிமை வம்சம்னு?"

"நானா?" கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "அவளே கேட்டாம்மா. வருஷா வருஷம் ஒரு தட்டு சோத்தோட வந்து அந்தக் கதவுகிட்ட நிப்பா. உள்ள அவ அம்மா இன்னும் பதில் சொல்லிட்டிருக்கறத கேட்டுக்கிட்டே நிப்பா. போன வருஷம் என் கையப் புடிச்சிக்கிட்டா. 'அண்ணே, இந்த மண்ணுல மட்டும் என்னப் போட்டுடாதீங்க. இங்க படுத்தவங்கள அந்த மொதலாளி விடறதில்ல. என் பொண்ணுக்கும் இது தெரிய வேணாம்'னா. நான் எப்பிடிம்மா உங்கிட்ட சொல்லுவேன்?"

மன்சா அகப்பையோடு படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "எலின்னு சொன்னேனேடி. உள்ள போவாதன்னு சொன்னேனே..."

மூன்றே முக்காலுக்கு அராபா அச்சுக்காரனுக்கு அந்த வரியைச் சொன்னாள். மேட்டுக் கல்லறை.

சனிக்கிழமை நல்ல காற்று. கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் ஊரே மேட்டில் ஏறியது. மண் தள்ளும்போது அராபா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடல் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அம்மா தப்பித்துவிட்டாள். அந்த ஒரு நிம்மதிதான் அவளுக்குக் கிடைத்தது.

நாற்பதாம் நாள், தேமாவில் தன் வீட்டில், அராபா மதியச் சோற்றைத் தட்டில் போட்டாள். மகள் எக்குவா பக்கத்து அறையில் செவிலியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டை அராபா மகளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. பாட்டியும் பேத்திக்குச் சொன்னதில்லை. கிடங்கில் நடந்ததையும் அவளிடம் மறைத்தாயிற்று.

சாப்பாட்டு மேசையின் எதிர் நாற்காலி மெல்ல முனகியது, யாரோ சாய்ந்து உட்கார்ந்தது போல.

"யார் வீட்டுச் சோறு?"

அராபா பல்லைக் கடித்தாள். முந்தானைத் துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். உள்ளே நாக்கு துடித்தது. கண்ணில் நீர் வழிந்தது. சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

பக்கத்து அறையில் பக்கம் புரளும் சத்தம் நின்றது.

"உங்க வீட்டுச் சோறு," என்றாள் எக்குவா.