வெள்ளித்தாள் சுற்றிய வயர்

புதிதாகக் குடிவந்த வீட்டில் டியூப்லைட் இல்லை. அது இருந்த தடம் மட்டும் சுவரில் இருந்தது.

வேல்விழி அண்ணாந்து பார்த்தாள். முன்பு குடியிருந்த சோணைமுத்து லைட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அதை மாட்டியிருந்த பட்டியையும் கழற்றியிருந்தார். திருகாணியைக்கூட விடவில்லை. இரண்டு வயர்கள் மட்டும் தொங்கின. இரண்டின் நுனியையும் சேர்த்து வெள்ளித்தாளைச் சுற்றியிருந்தார். பட்டாசு சுற்றும் தாள்தான். பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணையில் அந்தத் தாள் இல்லாத வீடு கிடையாது.

"இதை ஏன் இப்படி விட்டிருக்கீக மாமா?" என்று கேட்டாள்.

"அந்தச் சுவிட்ச மட்டும் போடாதீக. ஒண்ணும் ஆகாது" என்றார் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி. சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றப் போயிருந்தார். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அம்மா பாண்டிச்செல்வி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இங்கன வெடி தொங்குது!"

வேல்விழி திரும்பினாள். நான்கு வயதுத் தம்பி அன்பரசன் தகரப் பெட்டிமேல் ஏறி, அதற்கும் மேலே படுக்கைச் சுருட்டில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளித்தாளைப் பிடிக்கக் கையை நீட்டினான். இன்னும் ஒரு சாண்தான்.

பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாயில் விழுந்தார்கள். தம்பி அழுதான். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

நேராக வெளியே போனாள். வரிசையாக மூன்று வீடுகள். மூன்றுக்கும் ஒரே மெயின். அதை அணைத்துவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு டி.வி. நின்றது. பஞ்சம்மாள் ஓடி வந்தாள்.

"எவடி மெயின அணைச்சது? படத்துல கல்யாணம் நிக்கப் போற நேரம்டி! யாரு தாலி கட்டுறான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"நாந்தான் அத்தை. தம்பி வயரத் தொடப் போனான். அதை மூடுற வரைக்கும் போட மாட்டேன்."

"வேலு, உள்ள வா" என்று அம்மா அதட்டினாள். "வந்த அன்னைக்கே சண்டையா?"

"கம்பெனியில ஒரு ஆணி கீழ கெடந்தாக்கூட, உரசிப் பொறி பறக்கும்னு ஃபோர்மேன் கத்துவாருன்னு சொல்லுவியேம்மா. வீட்டுல மட்டும் இது தொங்கலாமா?"

அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஆண்டிச்சாமி வந்தார். "ஏத்தா, வீட்டுக்காரன் நானா, நீயா? கழட்டுனது சோணைமுத்து. போயி அவனக் கேளு."

போக வேண்டியிருக்கவில்லை. சோணைமுத்துவே வந்தார். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை மறந்துவிட்டாராம்.

"லைட்டு என்னுது, எடுத்துக்கிட்டேன்" என்றார். "வயரு வீட்டுக்கார அண்ணாச்சியோடது. அதையும் சும்மாவா விட்டேன்? வெள்ளித்தாள் சுத்தித்தான விட்டேன்?"

வேல்விழி எழுந்து நின்றாள்.

"லைட்டு உங்களுது. வயரு அவுகளுது. ஷாக் மட்டும் எங்களுதா?"

பஞ்சம்மாள் களுக்கென்று சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளித்தாள்ல கரண்டு பாயும். ஸ்கூல்ல பேட்டரி வச்சு பல்பு எரிய வச்சோம்" என்றாள் வேல்விழி.

"சுவிட்ச் அணைஞ்சு கெடக்கையில கரண்டு எங்கிட்டு இருந்து வரும்?" என்று கேட்டார் ஆண்டிச்சாமி.

"டெஸ்டர் வச்சுப் பாருங்க. அதுக்கு மட்டும் மெயினப் போடுறேன்."

ஆண்டிச்சாமிக்கு ரோஷம் வந்தது. டெஸ்டரை எடுத்து வந்தார். உள்ளே போய் ஸ்டூலில் ஏறினார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க" என்றார்.

வேல்விழி மெயினைப் போட்டாள். சுவிட்ச் அணைந்தே இருந்தது. டெஸ்டர் நுனி வெள்ளித்தாளைத் தொட்டது.

டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஆண்டிச்சாமி மெதுவாக இறங்கினார்.

"ஆத்தி" என்றார் சோணைமுத்து. "மெயின அணைச்சுட்டுக் கழட்டப் போய் நான் பொழைச்சேன். எம் பிள்ளைகளும் இங்கனதான வெளையாண்டுச்சு."

யாரும் சொல்லும் முன்பே வேல்விழி மெயினை அணைத்திருந்தாள்.

சோணைமுத்துவே சைக்கிளில் போய் வயர்மேன் காளிராஜை அழைத்து வந்தார்.

காளிராஜ் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தார். "தப்பான வயர்ல சுவிட்ச மாட்டியிருக்காங்க. அணைச்சாலும் மேல கரண்டு வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார். "எவன் செஞ்ச வேலை அண்ணாச்சி?"

ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தார். "மூணு வீட்டுக்கும் சேத்து மலிவா முடிச்சுத் தாரேன்னான் ஒருத்தன்."

காளிராஜ் இணைப்பை மாற்றினார். ஏணியில் ஏறி வெள்ளித்தாளை வெட்டி எறிந்தார். இரண்டு வயர் நுனிகளையும் தனித்தனியாகக் கறுப்பு டேப்பால் இறுகச் சுற்றினார். சுவரில் ஒரு வட்டப் பெட்டியைப் பொருத்தி, அதற்குள் அவற்றை மடக்கி வைத்து, மூடியைத் திருகினார்.

"மெயினப் போடவா அண்ணாச்சி?"

"என்னைய எதுக்குக் கேக்குற? அவளக் கேளு" என்றார் ஆண்டிச்சாமி.

வேல்விழி உள்ளே வந்து மூடியை அண்ணாந்து பார்த்தாள். திருகாணிகளை எண்ணினாள். பிறகு வெளியே போய் மறுபடியும் மெயின் அடியில் உட்கார்ந்தாள்.

"மூணு வீட்டுக்கும் ஒரே ஆளுதான வேலை பாத்தாரு? மத்த ரெண்டையும் பாத்துட்டுப் போடுங்க."

"அடியேய், படம் முடிஞ்சு போயிரும்டி!" என்று கத்தினாள் பஞ்சம்மாள்.

கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே அவள் மகள் ஸ்டூலில் ஏறி, நின்றுபோன மின்விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ காளிராசு, என்ன மசமசன்னு நிக்கிற?" என்றாள் பஞ்சம்மாள். "ஏணிய முதல்ல என் வீட்டுக்குத் தூக்கு!"